முதல் நெடுந்தூர ட்ரெக்கிங்குக்குச் சாமான் வாங்கப் போகிறீர்களா? அட்டையில் உள்ள எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

பல நாள் நடக்கும் ட்ரெக்கிங்குக்கு முதல்முறையாகக் கிளம்புகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. அந்த ஒரு கடையைத் தவிர்த்தால் மட்டும் தப்பித்துவிட முடியாது, இதே பேச்சை வேறு கடையிலும் கேட்பீர்கள். பேச்சைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

கடையில் நான் கேட்டதில் குழப்பமே இல்லை. இதுதான் முதல் நீண்ட நடை, எல்லாவற்றையும் என் முதுகில்தான் சுமக்கப் போகிறேன், அடிப்படை எடை 9 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றேன். உணவு, தண்ணீர், அடுப்புக்கான கேஸ் என வழியில் தீர்ந்துபோகிறவற்றைக் கழித்துவிட்டு மீதி உள்ள சுமையைத்தான் நடப்பவர்கள் அடிப்படை எடை என்பார்கள். அது 9 கிலோவுக்குள் இருந்தால் இலகு, நாலரை கிலோவுக்குள் இருந்தால் மிக இலகு என்பது பரவலாக உள்ள கணக்கு. விற்பனையாளருக்கும் அது தெரிந்திருந்தது. "தாராளமா முடிச்சிடலாம்" என்றார். ஒவ்வொரு பொருளின் அட்டையிலும் போட்டிருந்த எடையை என் கண்ணெதிரே கால்குலேட்டரில் கூட்டி 8.7 கிலோ என்று காட்டினார்.

வீட்டில் தராசில் வைத்துப் பார்த்தால் 13 கிலோவைத் தாண்டியது. ஒரு லிட்டர் தண்ணீர்கூட இன்னும் ஏறவில்லை.

நாலு கிலோவுக்கு மேல் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக எடை போட்டேன். டென்ட் அட்டையில் இருந்தது "குறைந்தபட்ச எடை". உள்கூடாரம், மேல்துணி, கம்பிகள், அவ்வளவுதான் அதில் அடங்கும். முளைகள், இழுத்துக்கட்டும் கயிறுகள், போட்டு வைக்கும் உறை எதுவும் அதில் சேராது. முளையும் கயிறும் இல்லாமல் காற்றில் எப்படி டென்ட் அடிப்பது? கூடவே அடியில் விரிக்கும் ஷீட் ஒன்றையும் "இது இல்லாம டென்ட் கிழிஞ்சிடும்" என்று கையில் கொடுத்திருந்தார், அதையும் கூட்டவில்லை. இரண்டும் சேர்ந்து 900 கிராம். முதுகுப்பையிலும் இதே கதை. அட்டையில் இருந்தது அந்த மாடலின் மிகச் சிறிய அளவுப் பையின் எடை, எனக்குத் தந்தது பெரிய அளவு.

மீதி எல்லாம் "எதுக்கும் இருக்கட்டும்" வகை. கைக்கோடாரி, இரும்பு ஃபிளாஸ்க், பெரிய டார்ச், பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த முதலுதவிச் சாமான், பத்துப் பதினைந்து கருவிகள் மடங்கிய கத்தி. "இதெல்லாம் சில்லறை எடை" என்று சொல்லி ஒன்றைக்கூடக் கணக்கில் சேர்க்கவில்லை. இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம். முதல்முறை போகிறவருக்குப் பயம் இருக்கும், அது இயல்பு. ராத்திரி ஏதாவது ஆனால், வழி தவறினால், மழை பிடித்தால் என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டு அதற்கு ஏற்றபடி ஒவ்வொரு பொருளாக எடுத்து வைப்பது சேவை இல்லை. எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1955-இல், 67 வயதில், 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலேச்சியன் நடைபாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். அவரிடம் டென்ட்டும் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேன்வாஸ் ஷூவில் நடந்தார். மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. எல்லாரும் அப்படிப் போங்கள் என்று சொல்ல மாட்டேன், அது ஆபத்து. ஆனால் கோடாரி இல்லாவிட்டால் நடக்கவே முடியாது என்று யாராவது மிரட்டினால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எடையாவது முதுகோடு போகும். ஸ்லீப்பிங் பேக்கில் செய்தது உயிரோடு விளையாடுகிற வேலை.

இரவில் வெப்பநிலை 0 டிகிரி வரை இறங்கும் என்று சொல்லித்தான் கேட்டேன். உறையில் பெரிய எழுத்தில் மைனஸ் 15 என்று அச்சிட்ட ஒரு பையை எடுத்துக் காட்டி, "0 டிகிரிக்கு இதுவே அதிகம், வேர்க்கும்" என்றார். முதல் குளிர் இரவிலேயே, இருந்த துணி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உள்ளே படுத்தும் நடுக்கம் நிற்கவில்லை. தூக்கம் என்பதே இல்லை. விடிந்ததும் பையைப் புரட்டி உள்பக்கத் தையலில் இருந்த சின்ன லேபிளைப் படித்தேன். அதில் மூன்று எண்கள் இருந்தன: 5, 0, மைனஸ் 15.

ஸ்லீப்பிங் பேக்குகளைச் சோதிக்க ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. முன்பு ஐரோப்பாவில் இஎன் 13537 என்று இருந்ததன் தொடர்ச்சி அது. அதன்படி முதல் எண் 'கம்ஃபர்ட்', சராசரி உடல்வாகுள்ள ஒரு பெண் உடலைத் தளர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது 'லிமிட்', சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்தால் நடுங்காமல் சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது 'எக்ஸ்ட்ரீம்'. அந்த வெப்பநிலையில் ஆறு மணி நேரம் உயிர் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். தூங்கலாம் என்று அர்த்தமே இல்லை. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், குளிர்க்காயமும் வரலாம். அந்த எண்ணைத்தான் உறையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள், அதைக் காட்டித்தான் விற்றார்கள். நீங்கள் வாங்கும்போது கம்ஃபர்ட் எண் எது என்று மட்டும் கேளுங்கள். எதிர்பார்க்கும் குளிரைவிட அது சில டிகிரி கீழே இருக்கட்டும். மற்ற இரண்டையும் மறந்துவிடலாம்.

அதே பையில் '800' என்றும் போட்டிருந்தது. "உள்ளே 800 கிராம் டவுன் இருக்கு" என்றார். இது முழுப் பொய். அந்த 800 என்பது டவுன் எனப்படும் மென்இறகின் தரம், அதாவது ஒரு அவுன்ஸ், கிட்டத்தட்ட 28 கிராம் டவுன் எத்தனை கன அங்குல இடத்தை உப்பி நிரப்பும் என்ற அளவு. எண் கூடக் கூட, குறைந்த எடையில் அதிகக் கதகதப்பு கிடைக்கும். ஆனால் உள்ளே எத்தனை கிராம் போட்டிருக்கிறார்கள் என்பது தனி விஷயம், அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். என் பையில் இருந்தது 300 கிராம், அதுவும் அந்தச் சின்ன லேபிளிலேயே இருந்தது.

குளிருக்கு இன்னொரு காரணம் மேட். "எவ்வளவு தடிமன் பாருங்க" என்று காற்றடிக்கும் மேட் ஒன்றைத் தந்தார். தடிமனுக்கும் கதகதப்புக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால் அந்தக் காற்றே சுழன்று சுழன்று உடம்பின் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். பார்க்க வேண்டியது ஆர்-வேல்யூ, அதாவது சூடு தரைக்குக் கடந்து போவதை மேட் எவ்வளவு தடுக்கிறது என்ற எண். அது கூடக் கூடக் கதகதப்பு அதிகம். ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற சோதனைத் தரம் 2018-இல் வந்தபிறகு வெவ்வேறு நிறுவனங்களின் மேட்களை இந்த எண்ணை வைத்து ஒப்பிட முடிகிறது. எனக்குத் தந்ததில் அந்த எண்ணே அச்சிடப்படவில்லை. மடிக்கிற சாதாரண ஃபோம் மேட்டுக்கே சுமார் 2 வரும். இரண்டு மேட்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் இரண்டின் எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, ஸ்லீப்பிங் பேக்கின் வெப்பநிலை எண்களே அடியில் நல்ல மேட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சோதித்தவை. உடம்பின் கனத்தில் அடிப்பக்க டவுன் நசுங்கிவிடுவதால் கீழே இருந்து வரும் குளிரை மேட்தான் தடுக்க வேண்டும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'டைட்டானியம் பாத்திரம்' என்று விற்றது அலுமினியத்தின் மேல் டைட்டானியம் பெயர் கொண்ட பூச்சு. அலுமினியமும் இலகுதான், சமையலும் ஒழுங்காக நடக்கும், ஆனால் டைட்டானியம் விலை வாங்கியது அநியாயம். மழைக்கோட்டு துணியில் தண்ணீர் உருண்டோடியது, தையல் ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கியது. வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பி, தையல்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்ஸ் விஷயத்தில் "இறுக்கமா இருந்தாத்தான் கணுக்காலுக்குப் பாதுகாப்பு" என்றார். நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும், விரல்களுக்கு முன்னால் இடம் வேண்டும். காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் அதே எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும் என்பதையும் அவர் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "லேபிள்ல போட்டிருக்கே, நாங்க எதையும் மறைக்கலையே" என்றார் மேலாளர். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார். மென்இறகைப் பற்றி விற்பனையாளர் சொன்னதற்குச் சாட்சி இருக்கிறதா என்று என்னையே கேட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், கேட்பதை எழுத்தில் கேளுங்கள். "0 டிகிரியில் தூங்க, அடிப்படை எடை 9 கிலோவுக்குள்" என்று கடைக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, அவர்கள் பரிந்துரைப்பதையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். ஒரு சின்ன டிஜிட்டல் தராசைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே எடை போடுங்கள். முளை, கயிறு, உறை எல்லாம் சேர்த்துப் போட வேண்டும். முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம். டென்ட், ஸ்லீப்பிங் பேக், மேட் மூன்றையும் முடிவு செய்தபிறகு, அவை கொள்ளும் அளவுக்கு முதுகுப்பையைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் பெரிய பையைத் தலையில் கட்டிவிட்டால் அதை நிரப்பச் சாமான் தானாகச் சேரும், எனக்கு அவர் எடுத்துக் காட்டிய முதல் பொருளே 75 லிட்டர் பைதான். அட்டையைக் கிழிப்பதற்கு முன்பே வீட்டுக்குள் டென்ட்டை விரித்து, மேட்டில் படுத்து, முழுச் சுமையோடு அறைக்குள் நடந்து பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.

நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். உறையில் மைனஸ் 15 என்று மட்டும் பெரிதாக அச்சிட்டிருப்பதன் படத்தையும் உள்லேபிளின் படத்தையும் இணைத்திருக்கிறேன். புகார் போனபிறகு, பிரிக்காமல் வைத்திருந்த கோடாரியையும் ஃபிளாஸ்க்கையும் மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடை சம்மதித்திருக்கிறது. ஸ்லீப்பிங் பேக் விவகாரம் இன்னும் முடியவில்லை. பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.