சிமிலி முதல் ஐரனி வரை: அட்டைக் கட்டு மூன்று வருசம் ஓடியபின்

ஆறாம் வகுப்பில் தொடங்கி எட்டு முடியும்வரை ஒரே அட்டைக் கட்டை வைத்து ஆங்கில அணிகளைப் படிக்க வைத்தால் எது மனதில் நிற்கிறது, எது உதிர்கிறது என்பதுதான் இங்கே விஷயம். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் வகுப்பெடுக்கிறவர்களுக்கும், சாயங்காலம் வீட்டில் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் அட்டை. 22க்கு 28 அங்குல சார்ட்டை 3க்கு 5 என்று வெட்டினால் 35 அட்டை வரும். ஒரு பிள்ளைக்கு 12 போதும். இரண்டு பேருக்குக் கொடுத்தது போக 11 மிஞ்சும், தொலைக்கிறதுக்கு அது வேணும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மெல்லிய சார்ட்டில் பின்பக்கம் ஊறிவிடும். பால்பாயின்ட் பேனாதான் சரி. ரப்பர் பேண்டு ஒரு கோடை தாண்டாது, ஒட்டிக்கொண்டு அட்டையைக் கிழிக்கும். மூலையில் ஓட்டை போட்டு நாடா கட்டுங்கள்.

முன்பக்கம் ஆங்கிலச் சொல், அதன் கீழே உச்சரிப்பு தமிழில். இதை விட்டால் சிமிலி (உவமை) 'ஸ்மைல்' ஆகும், ஹைபர்பலி (மிகைப்படுத்திச் சொல்வது) 'ஹைபர்போல்' ஆகும். பின்பக்கம் மூன்றே வரி: பாடத்தில் வந்த வரி, பிள்ளை தானே எழுதிய வரி, கடைசியாக 'இது அல்ல' என்று ஒரு வரி. விளக்கம் எழுத வேண்டியதில்லை. நோட்ஸிலிருந்து இறக்கிய விளக்கத்தைத் திங்கள்கிழமை ஒப்பிப்பார்கள், வெள்ளிக்கிழமை செய்யுளில் அதே அணி எதிரே வந்தால் அடையாளம் தெரியாது.

கட்டுக்கு உயிர் அந்த மூன்றாவது வரி. சிமிலியையே எடுத்துக்கொள்வோம். 'லைக், ஆஸ் வந்தால் சிமிலி' என்று சொல்லிக் கொடுத்தால், 'ஐ லைக் மேங்கோஸ்' என்பதையும் அடிக்கோடிட்டு, "அதுல லைக் இருக்குதுங்க மிஸ்" என்பார்கள். சொன்னதைத்தானே செய்கிறார்கள்! 'ஆஸ் சூன் ஆஸ்' என்பதும் அப்படியே மாட்டும். இதையெல்லாம் விட நுட்பமானது 'ஹீ இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹிஸ் ஃபாதர்'. ஒப்பீடு இருக்கிறது, சிமிலி இல்லை. மகனும் அப்பாவும் ஒரே இனம், உயரத்தை அளக்கிறோம், அவ்வளவுதான். பனைமரம் போல் உயரம் என்றால் சிமிலி. இந்த மூன்றும் 'இது அல்ல' வரியில் ஏறியபிறகுதான் பிள்ளை நின்று யோசிக்கிறது.

தமிழ் அணியோடு சேர்த்துச் சொன்னால் சீக்கிரம் ஏறும், உண்மைதான். நன்னூல் தந்த பவணந்தியார் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று பெருமையாகச் சொல்லும் மண் இது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுக்கொன்று ஜோடி போட்டால் பிசகும். ரைம் என்றால் எதுகை என்று பல வகுப்புகளில் நடக்கிறது. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. ரைம் அடியின் கடைசியில் வருகிறது, ஆகவே அதற்குக் கிட்ட நிற்பது இயைபு. அலிட்டரேஷனுக்கு (பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது) முதலெழுத்து ஒன்றும் மோனையைச் சொல்லலாம். ஆனால் மோனையில் சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும் ஒத்துப்போகும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு சிக்கல், நம் பிள்ளைகள் காதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்ப்பது. தமிழில் எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும், அந்தப் பழக்கம். 'கேட்', 'சிட்டி' இரண்டும் சி எழுத்தில் தொடங்குவதால் அலிட்டரேஷன் என்பார்கள். 'நைஃப்', 'நைட்' உண்மையிலேயே ஒத்து வந்தும், ஒன்று கே எழுத்தில் தொடங்குவதால் விட்டுவிடுவார்கள். எந்த அடி எந்த அடியோடு ஒத்து முடிகிறது என்று காட்டும் ரைம் ஸ்கீமுக்கு ஏ, பி போடும்போதும் இதே கதை: 'லவ்', 'மூவ்' எழுத்தில் ஒத்தவை, ஒலியில் இல்லை. 'ஸ்கை', 'ஹை' ஒலியில் ஒத்தவை. பென்சிலை வைத்துவிட்டு வாய்விட்டு இரண்டு தரம் வாசிக்கச் சொன்ன பிறகே எழுத விடுங்கள். காங்கேயம் காளைக்கு 'பிக் பிளாக் புல்' என்று ஒரு பையன் சொல்லிவிட்டால் வகுப்பு முழுக்கப் பிடித்துக்கொள்ளும்.

ஒலியை அப்படியே சொல்லாக்கும் ஆனமாட்டபீயாவுக்கு விசைத்தறிச் சத்தமே போதும், சோமனூர்ப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் இரட்டைக்கிளவி எல்லாம் இதில் சேராது: சலசல சேரும், மினுமினு சேராது. அது ஒளி, ஒலி இல்லை.

மெட்டஃபரை (உருவகம்) ஆறாம் வகுப்பில் வைக்காதீர்கள். பிடித்துக்கொள்ள அடையாளச் சொல் இல்லாததால் நழுவும். ஏழில் வைத்து, மதிமுகம் உவமை, முகமதி உருவகம் என்று தமிழாசிரியர் நடத்திய கையோடு எடுத்தால் நிற்கும். 'லைக்கை எடுத்தால் மெட்டஃபர்' என்ற குறுக்குவழி பாதிதான் உதவும். 'அ பிளாங்கெட் ஆஃப் மிஸ்ட்' வந்தால் கைவிட்டுவிடும். வால்பாறை மலை பனியைப் போர்த்தியிருப்பதைக் காட்டிப் போர்வை எங்கே என்று கேளுங்கள்.

உயிரில்லாததை மனிதராகப் பேசும் பெர்சானிஃபிகேஷனுக்குத் தற்குறிப்பேற்றம் என்று எழுதினால் பாதி தப்பு. 'தறி ராத்திரியெல்லாம் இருமியது' என்பது வெறும் பெர்சானிஃபிகேஷன். மதுரைக் கொடிகள் காற்றில் அசைந்ததற்குக் கோவலனை வராதே என்று தடுத்ததாகக் கவிஞர் தன் காரணத்தை ஏற்றியதுதான் தற்குறிப்பேற்றம்.

பிளாட் (கதைப்பின்னல்), செட்டிங் (கதைக்களம்) தொல்லை தராது. தீமுக்கு (மையக்கருத்து) 'நட்பு' என்று ஒற்றைச் சொல் எழுதினால் திருப்பிக் கொடுங்கள், நட்பைப் பற்றி என்ன என்று கேளுங்கள். ஐரனி (சொன்னதற்கோ எதிர்பார்த்ததற்கோ நேர்மாறாக அமைவது) எட்டாம் வகுப்புச் சரக்கு. புகழ்வதுபோல் இகழ்வதும் இகழ்வதுபோல் புகழ்வதுமான வஞ்சப்புகழ்ச்சி அதில் பேச்சளவுக்குத்தான் பொருந்தும். குடை விற்கிறவர் நனைந்துகொண்டே வீடு போவதற்கு அந்தப் பெயர் ஒட்டாது, தனி அட்டை வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு நாள், ஐந்தைந்து நிமிடம் போதும். புது அட்டையை மறுநாள், மறுவாரம், மறுமாதம் என்று மூன்று தரம் காட்டுங்கள். மே மாத விடுமுறையில் அட்டைகளைப் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனவை பாதி திரும்பாது.