பேட்டரி காரா, சொப்புச் சாமானா? ஒரு தாய்மாமனின் கணக்கு

என் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஐந்து முடிந்துவிட்டது, சின்னவனுக்கு அடுத்த மாதம் இரண்டு முடிகிறது. மடியில் உட்கார வைத்துக் காது குத்திய தாய்மாமன் என்பதால், பெரம்பூரில் அவர்கள் வீட்டுப் படியை நான் வெறுங்கையோடு ஏற முடியாது. கதவு திறந்ததும் இரண்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் உருட்டிவிட்ட பந்தை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். ஐந்து வருஷமாக நான் வாங்கிக் கொடுத்ததில் பாதி அங்கேதான் தூசி படிந்து கிடந்தது. சக்கரம் போன கார், ஒரு கால் மட்டும் இருக்கிற ரோபோ, மூடி இல்லாத களிமண் டப்பா. அப்புறம் எது எது கட்டிலுக்கு மேலே இருக்கிறது என்று ஒரு நோட்டம் விட்டேன். பிரித்த அன்றைக்கு எதற்குக் கூச்சல் அதிகம் என்பது ஒரு கணக்கு. பத்தாவது நாள் எது கையில் இருந்தது என்பது வேறு கணக்கு. இங்கே நான் போடுவது இரண்டாவது கணக்கு.

பேட்டரி காரும் சொப்பும்

காரைப் பாரிமுனைச் சந்து ஒன்றில் வாங்கினேன். "லைட்டு எரியும் சார், பாட்டு பாடும், செவுத்துல முட்டுனா தானா திரும்பிக்கும். நானூத்தம்பது, உங்களுக்கு நானூறு" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை, எல்லாம் செய்தது. அது ஹாலில் சுற்றிச் சுற்றி வந்த அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஈடாக நான் வாங்கிக் கொடுத்த வேறு எதுவும் கூச்சலைக் கிளப்பியதில்லை. நான்தான் உலகத்திலேயே சிறந்த மாமா.

மூன்றாம் நாள் கார் நின்றுவிட்டது. செல் வாங்கிப் போடுகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னார், மறந்தார், மறுபடி சொன்னார். ஒரு வாரம் கழித்துத் தங்கை சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அண்ணா, செல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் கழட்டிக் கடுகு டப்பாவுக்குப் பின்னால வெச்சிருக்கேன். அந்த சைரனை ஒரு நாள் முழுக்க நீ கேட்டுப் பாரு, அப்புறம் பேசு." இதில் வேடிக்கை, கார் ஊமையான பிறகுதான் சின்னவன் அதோடு அதிகம் விளையாடினான். பாவாடை நாடாவை முன்னால் கட்டி மாடு மாதிரி இழுத்துக்கொண்டு திரிந்தான். இழுத்த இழுப்பில் சக்கரம் கழன்றதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

சொப்புச் சாமான் மயிலாப்பூர் மாட வீதியில் நவராத்திரி சமயத்தில் வாங்கியது. பனையோலைப் பெட்டிக்குள் மரச் சொப்பு: அடுப்பு, குடம், அம்மி குழவி, ஆட்டுக்கல், உலக்கை, திருகை. பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஊர் ஊராகப் போன சாமான் இதுதான். பெட்டியைத் திறந்த பெரியவள் ஆட்டுக்கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது கமோடா?" என்று கேட்டாள். அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நிஜ ஆட்டுக்கல்லைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்?

முதல் நாள் அவ்வளவுதான், கூச்சல் எதுவும் இல்லை. ஆனால் பத்து நாள் கழித்துப் போனபோது ஆட்டுக்கல் மிக்ஸியாகியிருந்தது. திருகை கேஸ் அடுப்பு. ஓலைப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து, "மாமா, பிரியாணி ஆர்டர் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்றாள். எட்டு மாதமாகிறது, அந்தக் கடை இன்னும் மூடவில்லை.

அதற்காகச் சொப்பு குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். மரக் குடத்தில் நிஜத் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்திருக்கிறாள், காலையில் விரிசல் விட்டுவிட்டது. அரக்குப் பூச்சின் மினுமினுப்பும் அங்கங்கே போய்விட்டது. பிளாஸ்டிக் கிச்சன் செட்டுக்கு அந்தக் கவலை இல்லை, கழுவிக் கவிழ்த்துவிடலாம். அதில் வருகிற, நடுவில் ஒட்டி வைத்துக் கத்தியால் நறுக்குகிற காய்கறிகள் உண்மையிலேயே நல்ல சாமான். கரக் கரக் என்று வெட்டும் சத்தத்துக்கு இரண்டும் அடிமை. பெரிய குறை வேறு. அம்மிக் குழவி என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஒரு நாள் சின்னவன் வாயை மூடிக்கொண்டு ரொம்ப அமைதியாக உட்கார்ந்திருந்தான். அந்த வயதுப் பிள்ளை அமைதியாக இருந்தாலே எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். விரலை விட்டு எடுத்தது அந்தக் குழவியைத்தான். அன்றிலிருந்து சொப்புப் பெட்டிக்கு இடம் அலமாரியின் மேல் தட்டு.

பாட்டில் மூடி அளவு

மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கான பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்னக் குழாயை வைத்திருக்கிறார்கள். சாய்ந்த அடிப்பக்கம், குழந்தையின் தொண்டை மாதிரி. அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. நமக்கு அந்தக் குழாய்க்கு எங்கே போக? தண்ணீர் பாட்டிலின் மூடி கிட்டத்தட்ட அதே அகலம்தான். மூடி அளவோ அதைவிடச் சிறியதோ ஆன துண்டு எதுவும் கழன்று வரும் என்றால் நான் வாங்குவதில்லை. கரடி பொம்மையின் கண், காரின் சக்கரம் எல்லாவற்றையும் கடையிலேயே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிடுகிறேன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பேட்டரி இல்லாததற்கு ஐ.எஸ். 9873, பேட்டரி, கரண்டில் ஓடுவதற்கு ஐ.எஸ். 15644 என்று முத்திரைக்கு மேலே இருக்கும். கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண். அதை இந்தியத் தர அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் யாருடைய உரிமம் என்று வந்துவிடும். நான் நானூறு ரூபாய் கொடுத்த காரின் பெட்டியில் பறக்கிற டிராகன் படம் இருந்தது, முத்திரை இல்லை. இந்த விதியிலிருந்து பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்கள் செய்கிற பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அதனால் மரப் பொம்மையில் முத்திரை இல்லை என்றால் அதை வைத்து மட்டும் சந்தேகப்பட வேண்டாம்.

எந்த வயதுக்கும் நான் தொடாதவை இரண்டு. ஒன்று, பட்டன் செல் போட்ட சாமான்கள்: பாடுகிற வாழ்த்து அட்டை, மின்னுகிற மோதிரம், லைட் எரியும் குட்டிப் பம்பரம். அந்த வட்டச் செல்லை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடியைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தால்கூட நான் யோசிப்பேன். இன்னொன்று, தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் கலர் மணிகள். செடிச் சாடிக்கு நல்லது, குழந்தை வயிற்றுக்குள் போனால் அங்கேயும் அது ஊதத்தான் செய்யும்.

தஞ்சாவூரும் சன்னபட்னாவும்

இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு, இரண்டையும் பரிசு என்று தூக்கிக்கொண்டு போகிறோம். ஆனால் ஒன்று பார்க்க, இன்னொன்று விளையாட.

அண்ணா சாலையில் பூம்புகார் கைவினைக் கடையில் வாங்கிய தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை அழகு. இடுப்புக்கு மேலே ஒரு துண்டு, கழுத்துக்கு மேலே ஒரு துண்டு, கம்பி முனையில் நின்று ஆடும். சின்னவன் கையில் கொடுத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தலை சோபாவுக்குக் கீழே, உடம்பு அவன் கையில். பெரியவள் "ஐயோ, டான்ஸ் டீச்சர் தலை!" என்று அலறினாள். இப்போது ஒட்டிய கழுத்தோடு ஷோகேஸில் நிற்கிறது, ஃபேன் காற்றுக்குத் தானாக ஆடுகிறது. பரிசு என்னவோ தங்கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. குண்டு அடியோடு தள்ளத் தள்ள நிமிர்கிற ராஜா ராணி பொம்மையாக இருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். அதுவும் காகிதக்கூழும் மண்ணும்தான், எறிந்தால் போச்சு.

சன்னபட்னா வளைய அடுக்கு, அதாவது குச்சியில் மர வளையங்களைக் கோத்து அடுக்குகிற சாமான், கைவினைக் கண்காட்சி ஒன்றில் கிடைத்தது. பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் இருக்கும் ஊர். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, கலர் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடும், மேலே தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு. தொட்டுப் பார்த்தால் மூலையே கிடையாது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு வாங்கிக் கொடுத்தேன். கடித்தது, எறிந்தது, வளையத்தைக் கையில் மாட்டியது, ஒரு தடவை தாத்தாவின் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டது. விலை அந்த பிளாஸ்டிக் காரைவிடக் கூடத்தான். ஒன்றரை வருஷமாக அந்த வீட்டுத் தரையில் கிடக்கிறது, கட்டிலுக்கு அடியில் இல்லை. இரண்டு வயதுக்கு இதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

புத்தகத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நந்தனத்தில் ஜனவரிப் புத்தகக் காட்சிக்குப் போனால் சென்னைப் பதிப்பகமான தூலிகாவின் படக்கதைகளைத் தமிழிலேயே அள்ளி வரலாம். ஐந்து வயதுக்கு எந்தப் பொம்மைக்கும் குறைவில்லை, யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிற வீடாக இருந்தால். சின்னவனுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் கொடுத்தேன், யானையின் தும்பிக்கைப் பக்கத்தை மென்றுவிட்டான்.

வாய்க்கு

மெரினாவில் ரோஸ் கலர் பஞ்சு மிட்டாய் வாங்கித் தருவது எங்கள் தலைமுறை மாமாக்களின் கடமையாக இருந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி ஆய்வகத்தில் மாதிரிகளைச் சோதித்ததில் ரோடமின்-பி என்கிற துணிச் சாயம் தெரியவந்து, தமிழ்நாட்டில் அதை விற்கத் தடை வந்தது. அந்தக் கலரில் வருகிற எந்த மிட்டாயைப் பார்த்தாலும் இப்போது எனக்குக் கை பின்வாங்குகிறது.

சாக்லேட் டப்பாவுக்கு எதிரி சென்னை வெயில். சாக்லேட்டில் இருக்கும் கோகோ கொழுப்பு 34 டிகிரியிலேயே இளகிவிடும். மே மாதத்தில் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துச் சூளைமேட்டிலிருந்து பெரம்பூர் வரைக்கும் கொண்டுபோன என் டப்பாவைத் திறந்தபோது பாயசம். மறுபடி குளிரவைத்தால் வெள்ளை பூத்துவிடும், கெட்டுப்போனதல்ல, ஆனால் பரிசு மாதிரியும் இருக்காது.

கடலை மிட்டாய் வெயிலுக்கு அசையாது. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிச் சரக்கு என்றால் பெரியவளும் நானும் சண்டை போட்டுத் தின்போம். சின்னவனுக்கு மட்டும் கூடவே கூடாது. முழுக் கடலை, பொட்டுக்கடலை உருண்டை, திராட்சைப் பழம், ஜெல்லி கப் எல்லாமே அந்தத் தொண்டைக்கு அடைப்பான். இரண்டு வயது வரைக்கும் சர்க்கரையே சேர்க்காதீர்கள் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆக, அவன் பிறந்தநாளுக்கு நான் எடுத்துப் போகிற பண்டம் நன்றாகப் பழுத்த மலை வாழைப்பழச் சீப்பு. மாமா வாழைப்பழமா வாங்கி வந்தார் என்று சம்பந்தி வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவன் பார்க்க மாட்டான், இரண்டு கையிலும் பிசைந்து தின்பான். பெரியவர்களுக்கு முந்திரி போட்ட ரவா லட்டு தனியாக வாங்கிக்கொள்கிறேன், கௌரவத்துக்கு.

நான் இதுவரை கொடுத்ததில் செலவுக்கு ஏற்ற சந்தோஷம் என்றால் பெசன்ட் நகர் கடற்கரையில் இருபது ரூபாய்க்கு வாங்கிய சோப்பு முட்டை பாட்டில். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், கட்டிலுக்கு அடியில் போகவும் எதுவும் மிஞ்சாது. பலூனும் அதே விலைதான், ஆனால் வெடித்த ரப்பர்த் துண்டைச் சின்னவன் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பொறுக்கித் தீராது.

சரி, அடுத்த மாதத்துக்கு முடிவு செய்துவிட்டேன்: சின்னவனுக்கு வளைய அடுக்கு, பெரியவளுக்கு ஒரு படக்கதை. நேற்று போனில் பெரியவள் வாயைப் பிடுங்கினாள். வளையம் என்று உளறிவிட்டேன்.

"எனக்கும் அதேதான் வேணும் மாமா."

"நீ பெரிய பொண்ணுடி. அது பாப்பா சாமான்."

"என் கடைல தோசைக்கு வட்டமா ஒண்ணுமே இல்ல."

இரண்டு செட்டாக வாங்கப் போகிறேன்.