கேட்டலாக்குக்கு 5 ஸ்டார், பொருளுக்கு 1

எண்பதுகளில் திருப்பாப்புலியூரில் எங்கள் தெருவுக்குப் பெரிய கடை என்றால் தபால்காரர் பைதான். வடக்கே ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. 15 பைசா கார்டில் விலாசம் எழுதிப் போட்டால் கேட்டலாக் இலவசமாக வந்துவிடும். சாணித்தாள், கறுப்பு வெள்ளைப் படங்கள். டார்ச், டிரான்சிஸ்டர், பைனாகுலர் என்று புரட்டப் புரட்ட ஆசை. அண்ணன் மடித்து மடித்தே பைனாகுலர் பக்கத்தின் மூலை கிழிந்து போனது.

அந்தப் பைனாகுலரையே வரவழைத்தோம். வி.பி.பி. பார்சல் என்பதால் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்த பிறகுதான் பிரிக்க முடியும். அப்பா முணுமுணுத்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். பிரித்தால், படத்தில் முழங்கை நீளம் தெரிந்த சாமான் உள்ளங்கைக்குள் அடங்கியது! தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எடுத்துப் போய்ப் பார்த்தோம், படகு கிட்டே வரவில்லை, மங்கலாகத்தான் ஆனது. புகார்க் கடிதத்துக்குப் பதிலே இல்லை.

அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனம் 1993இல் தன் பெரிய கேட்டலாக்கை நிறுத்தியதற்கு அங்கே இன்னமும் வருத்தப்படுகிறார்களாம். சரி, அவர்களுக்காவது பொருள் ஒழுங்காக வந்திருக்கும். எங்கள் பைனாகுலரின் ஒரு கண்ணாடியைக் கழற்றி, அப்பா கடைசி வரை பஞ்சாங்கம் படித்தார்.