ஆறு வருடக் கெட்டிலும் அதன் பெரிய பிளக்கும்

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, அடுத்த மாசம் லூதியானா போறேன். ஒரு கெட்டில் வாங்கலாம்னு இருக்கேன். உங்ககிட்ட இருக்கறதையே வாங்கிடட்டுமா? விலை வேற குறைஞ்சிருக்கு." வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போது சூரத்தில் ஒரு லாட்ஜ் அறை, இரவு மணி பதினொன்று, கெட்டில் என் மடியில் இருக்கிறது. சொல்ல வேண்டியதெல்லாம் இப்போதுதான் வாய்க்கு வருகிறது.

ஜவுளி மெஷின்களுக்கு சர்வீஸ் பார்ப்பது என் வேலை. வீடு கோவை என்று பேர். மாதத்தில் பதினைந்து, பதினெட்டு நாள் பில்வாரா, இச்சல்கரஞ்சி, பானிபட், லூதியானா என்று கழிகிறது. நான் போகிற ஜவுளி ஊர் எதுவும் சுற்றுலா ஊர் இல்லை. அங்கே நமக்கு வாய்ப்பதும் மேஜையில் கெட்டிலும் காபிப் பொட்டலமும் வைத்திருக்கிற ஓட்டல் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடி ஏறி, ரிசப்ஷனில் சாமி படத்துக்குக் கீழே ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிற லாட்ஜ்தான்.

2019இல் வாங்கினேன். ஒன்றரை லிட்டர், 1500 வாட், ஸ்டீல் உடம்பு. பெயர் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் எல்லாக் கெட்டிலும் அண்ணன் தம்பிகள்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். ஆறு வருடத்தில் ஹீட்டிங் காயில் ஒருமுறைகூடப் போகவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் நாலு நிமிடத்தில் கொதித்துவிடும். கொதித்ததும் நீராவி உள்ளே இருக்கும் சின்ன பைமெட்டல் தகட்டை, அதாவது இரண்டு உலோகம் ஒட்டிய தகட்டைச் சூடாக்கும், தகடு வளையும், சுவிட்ச் டக்கென்று அணையும். இருபது வருடமாக மில்களில் சென்சாரும் எலக்ட்ரானிக் கார்டுமாகப் பார்த்துப் பார்த்து அலுத்தவனுக்கு, ஒரு வளைந்த தகடு ஆறு வருடம் தவறாமல் வேலை செய்வதைப் பார்க்க மரியாதையாக இருக்கிறது. ஒன்று, மூடியைச் சரியாக மூட வேண்டும். திறந்து வைத்தால் நீராவி தகட்டுக்குப் போகாமல் அறைக்குள் போய்விடும், சுவிட்ச் அணையவே அணையாது. பில்வாராவில் ஒருமுறை குளித்துவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது, கெட்டிலில் கால் லிட்டர்தான் மிச்சம்.

அப்புறம் அவல். இதை நான் எதிர்பார்த்து வாங்கவில்லை. காபிக்காகத்தான் வாங்கினேன். ஒருமுறை அம்மா புளிக்காய்ச்சலை ஒரு பாட்டிலில் போட்டு, கூடவே அரைக்கிலோ கெட்டி அவலும் வைத்து அனுப்பினார். டிபன் பாக்ஸில் அவல், அதன்மேல் மூழ்குகிற அளவு வெந்நீர், மூடி வைத்துப் பத்து நிமிடம். மிஞ்சிய தண்ணீரை வடித்துவிட்டு இரண்டு ஸ்பூன் புளிக்காய்ச்சலைக் கிளறினால் இராத்திரிச் சாப்பாடு முடிந்தது. மூன்று நாள் தொடர்ந்து ரொட்டியும் எண்ணெய் மிதக்கும் பனீரும் தின்ற வயிற்றுக்கு அது என்ன செய்யும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். லூதியானாவில் ஜனவரி மாதம், பனியில் ரயில் ஆறு மணி நேரம் தாமதமாகி, நள்ளிரவில் அறைக்குள் நுழைந்து, பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் கெட்டிலைப் போட்ட இரவுகள் உண்டு. அந்த நேரத்தில் ரிசப்ஷனில் வெந்நீர் கேட்டால் "சுபஹ்" என்பார்கள், காலையில் என்று அர்த்தம்.

சரி, இப்போது பிளக்.

இந்தக் கெட்டிலுக்குப் பெரிய பிளக். நம் ஊரில் 15 ஆம்ப்ஸ் பிளக் என்றும் பவர் பிளக் என்றும் சொல்வோமே, பெட்டியில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கும், அதுதான். லாட்ஜில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது எப்போதும் சின்ன பாயின்ட். பெரியது என்றால் இரண்டே இடம்: ஏசிக்கு மேலே, கீசருக்குப் பக்கத்தில். ஆக, ஆறு வருடமாக நான் குளியலறையில் சமைக்கிறேன். பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் கெட்டில். சில இடங்களில் பக்கெட்டின்மேல் ஸ்டூல், ஸ்டூலின்மேல் கெட்டில், ஏனென்றால் கெட்டில் கம்பெனி கொடுத்த வயர் முக்கால் மீட்டர்தான். காபி போடுகிற ஆளுக்கு இது ஒரு வாழ்க்கையா?

நியாயமாகப் பேசினால் கம்பெனிமேல் தப்பில்லை. 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். சின்ன பிளக்கின் வரம்பே ஆறு. பெரியது வைத்தே ஆக வேண்டும். எனக்குக் கணக்கு தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு முறையும் ஈரத்தரையில் செருப்போடு நின்று கெட்டிலைக் காவல் காக்கும்போது கணக்கு ஞாபகத்துக்கு வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

அந்தக் கோபத்தில்தான் போன வருடம் நாற்பது ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் பிளக் வாங்கினேன். பெரியதைச் சின்னதில் சொருகலாம். அடுத்தவன் செய்தால் திட்டுவேன், நானே செய்தேன். நாலு மாதம் கட்டில் பக்கத்திலேயே காபி, ராஜ வாழ்க்கை. ஐந்தாவது மாதம் இச்சல்கரஞ்சியில் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. கன்வெர்ட்டர் உருகி, லாட்ஜ் சுவிட்ச்போர்டோடு ஒட்டிக்கொண்டது. போர்டுக்குக் காசு கொடுத்தேன், என் கெட்டில் பிளக்கின் பின்னும் கறுத்துவிட்டது. அதோடு கன்வெர்ட்டருக்குக் கும்பிடு.

கோவை வந்து சர்வீஸ் சென்டரில் கேட்டால், வயர் மட்டும் தனியாக வராது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். டவுன்ஹால் பக்கம் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். பழைய வயரை உருவிவிட்டு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடித்த வயர் இரண்டு மீட்டர் போட்டுக் கொடுத்தார். "அப்படியே சின்ன பிளக்கா போட்டுருங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "உருகீருமுங்க. நான் போட்டுத் தரமாட்டனுங்க." சர்வீஸ் இன்ஜினியர் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு மீட்டர் வயர் வந்தபின் வாழ்க்கை பாதி மாறியது. குளியலறையில் சொருகி, கதவிடுக்கு வழியாக வயரை இழுத்து, கெட்டிலை அறைக்குள் வைக்கலாம். தடித்த வயர் என்பதால் அடியில் சுற்றி வைக்க முடியவில்லை, பையில் பாம்பு மாதிரி கிடக்கிறது. விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோதான். டூல்ஸ் எல்லாம் எப்படியும் செக்-இன் பெட்டியில் போகிறது என்றாலும், கெட்டிலும் வயருமாகக் கைப்பையில் ஒரு கிலோவுக்கு மேல் தின்றுவிடுகிறது. ரயிலில் இந்தக் கவலை இல்லை. ஆனால் ரயிலில் கெட்டில் போடக் கூடாது தம்பி, சார்ஜிங் பாயின்ட் மொபைலுக்கும் லேப்டாப்புக்கும்தான், பிடித்தால் அபராதம்.

இன்னொன்று, பால் காய்ச்சாதே. ஒருமுறை காய்ச்சினேன். பொங்கி மூக்கு வழியாக வழிந்தது, அடியில் பிடித்ததைச் சுரண்ட இரண்டு நாள். உப்புத் தண்ணீர் ஊர்களில் அடியில் வெள்ளையாகப் படியும். அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு கொதி விட்டால் போய்விடும்.

இன்றைக்கு விஷயத்துக்கு வருகிறேன். இந்த அறையில் கீசர் நேராக வயரில் இணைத்திருக்கிறது, பாயின்டே கிடையாது. ஏசிக்கு இரும்புக் கூடு போட்ட தனி மாதிரி பிளக், அதில் நம் மூன்று பின் எதுவும் நுழையாது. கட்டில் பக்கம் சின்ன பாயின்ட் மூன்று இருக்கிறது, மூன்றும் என்னைப் பார்க்கின்றன. டீக்கடை மூடிவிட்டது. ரிசப்ஷனில் "சுபஹ்" என்றார்கள்.

ஆகவே தம்பி, இதை வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே. 600 வாட்டில் அரை லிட்டர்க் கெட்டில் கிடைக்கிறது, சின்ன பிளக், ஐந்து நிமிடத்தில் கொதிக்கும், ஒரு ஆளுக்கு அது போதும். இதற்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் பைமெட்டல் தகட்டுக்கு.

காலை ஏழு மணிக்கு மில்லில் இருக்க வேண்டும். அங்கே பேனல் ரூமில் பவர் பிளக் உண்டு, போன முறையே பார்த்து வைத்திருக்கிறேன். டூல் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானர் செட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கெட்டிலுக்கும் அவலுக்கும் இடம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.