பள்ளிச் சுற்றுலா: பிச்சாவரமா, மண்டபமா?

கடலோர உயிரினங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் என் ஓட்டு பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கே (கடலோரச் சேற்றில் வளரும் காடு). சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவுதான். படகு கால்வாய்க்குள் நுழைந்ததும் பாடம் தொடங்கிவிடும். சுரபுன்னை, வெண்கண்டல் இரண்டும் இந்தக் காட்டு மரங்கள். சுரபுன்னையின் தாங்கு வேர்கள் வளைந்து சேற்றில் ஊன்றியிருக்கும். வெண்கண்டலின் மூச்சு வேர்களோ பென்சில் நட்டு வைத்ததுபோல் மேல்நோக்கி நிற்கும். சேற்றில் காற்று இல்லாததால் அந்த மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, நீளமான காய்போலத் தொங்கும். இதை எந்தப் பாடப்புத்தகப் படமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. 2004 சுனாமியில் இந்தக் காடு அலையின் வேகத்தைத் தணித்ததையும் அங்கேயே சொல்லலாம்.

ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற கடற்கரை ஊரோ வேறு உலகம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், பவளப்பாறை, கடற்புல் என எல்லாமே உண்டு. 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் அதன் செல்வம் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில். தூரமும் அதிகம், தீவுக்குப் போக வனத்துறை அனுமதியும் வேண்டும். கடற்பசு, கடல் அட்டை பற்றிப் படித்த பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரி, ஆறாம் வகுப்புக்கு அவசரம் வேண்டாம்.

பிச்சாவரம் போனால் கடல் ஓதம் இறங்கி நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். அப்போதுதான் மூச்சு வேர்களும் சேற்று நண்டுகளும் நன்றாகத் தெரியும்.