கிட் பேனலோட மூணு வருசம்: வாய் இருக்கு, பேச்சு இல்ல

தொண்டில இருந்து ஒரு தம்பி வாட்ஸாப்ல கேட்டான், "அண்ணே, டெர்மினல்ல கிட் புஷ் போகுது, எடிட்டர்ல பட்டனை அமுக்குனா சுத்திக்கிட்டே கிடக்கு, நீங்கதான் அந்த எடிட்டரை ரொம்ப நாளா வச்சிருக்கீங்கல்ல, நல்லதா மோசமா, நான் இதுலயே இருக்கவா வேற மாறவா"ன்னு. (தெரியாதவங்களுக்கு: கிட்ங்கிறது கோடுல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் வரலாறா சேத்து வைக்கிற புரோகிராம், புஷ்னா அதை சர்வருக்கு அனுப்புறது, டெர்மினல்னா கமாண்டைக் கையால அடிக்கிற ஜன்னல், கிட் பேனல்னா அதே வேலையை எடிட்டருக்குள்ள பட்டனா காட்டுற இடம்.) ரெண்டு வரில முடிச்சிருக்கலாம். ஆனா அவன் கேட்ட நேரம் சரியில்ல. அதுக்கு முந்துன வாரந்தான் லேப்டாப் ரிப்பேர் ஆகி வந்து, அதே கிட் பேனல் எனக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துச்சு. அந்தக் கடுப்பு ஆறல, அதனால கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்.

எடிட்டர் பேரைச் சொல்லல. சொன்னா ரெண்டு கோஷ்டி கிளம்பி வந்துரும். கிட்டை உள்ளயே வச்சிருக்கிற எடிட்டர் எதுவா இருந்தாலும் இதுல பாதி பொருந்தும்.

எவ்வளவு நாளா வச்சிருக்கேன்னா, பாம்பன் பழைய பாலத்துல ரயில் நின்னுச்சே, 2022 டிசம்பர், அந்த மாசம் மாறுனேன். பகல்ல சென்னைக் கம்பெனிக்கு வீட்ல இருந்தே வேலை, மிச்ச நேரத்துல மண்டபத்துல ஒரு நண்டு கம்பெனிக்கு எடை பில் போடுற புரோகிராம். புதுப் பாலத்தையே கட்டி முடிச்சு 2025 ஏப்ரல்ல தொறந்து ரயிலும் விட்டாங்க, இப்ப மறுபடி ராத்திரில சத்தம் கேக்குது, இந்தப் பேனல் மட்டும் நான் மாறுன அன்னைக்கு எப்படி ஊமையா இருந்துச்சோ அப்படியே இருக்கு.

ரிப்பேர் கதையைச் சொல்லிடுறேன். லேப்டாப் திடீர்னு ஆன் ஆகல. ராம்நாட்டுல சர்வீஸ் பாக்குற கீழக்கரை காக்கா (எங்க பக்கம் முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்புடுவோம்) ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன், கழட்டி உள்ள காட்டுனாரு, போர்டுல அங்கங்க பச்சை பூத்துக் கிடக்கு, யூஎஸ்பி ஓட்டைல துரு. "தம்பி, வீடு கடல்ல இருந்து எவ்வளவு தூரம்?"னாரு. "எந்தக் கடல் காக்கா, வடகடலா தென்கடலா?"ன்னேன், சிரிச்சிட்டாரு. எங்க ஊருக்கு ரெண்டு பக்கமும் உப்புக் காத்துதான், வாடையும் அடிக்கும் கச்சானும் அடிக்கும், ஜன்னலைச் சாத்திட்டு வேலை பாத்தா புழுங்கிச் சாகணும். போர்டு மாத்தி, புது எஸ்எஸ்டி போட்டு, அதுல விண்டோஸை புதுசா ஏத்தி, பழைய டிஸ்க்கை டி டிரைவா மாட்டிக் குடுத்துட்டாரு. அவர் வேலைல ஒரு குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து எடிட்டரைப் போட்டு, டி டிரைவ்ல இருந்து பில் புரோகிராம் ஃபோல்டரைத் தொறக்குறேன், கிட் பேனல்ல ஒண்ணுமே இல்ல. மூணு வருசமா ஒவ்வொரு மாத்தத்துக்கும் போட்ட பதிவு, அதான் கமிட், அதுல பிரிச்சு வச்ச கிளை, அதான் பிராஞ்ச், எதுவும் இல்ல. நடுவுல நீலக் கலர்ல ஒரே ஒரு பட்டன், புதுசா ரெப்பாசிட்டரி, அதாவது கிட் வரலாறு வைக்கிற ஃபோல்டர், ஆரம்பிக்கவான்னு கேக்குது. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. டிஸ்க் போச்சு, காக்கா எதையோ அழிச்சுட்டாரு, இன்னும் புஷ் பண்ணாத ஒரு வார வேலை இருந்துச்சே, இப்படியே மண்டைக்குள்ள ஓடுது. அவருக்கு ஃபோன் போட்டுக் கத்தப் போயிட்டேன், நல்லவேளை மணி பத்தரை ஆயிருந்துச்சு.

அப்புறம் டெர்மினல்ல போய் கிட் ஸ்டேட்டஸ்னு அடிச்சேன். உடனே கிட் சொல்லிருச்சு, இந்த ஃபோல்டரோட ஓனர்ஷிப் சந்தேகமா இருக்கு, ஓனர் இவரு, நீ வேற ஆளு, இது உன்னோடதுதான்னா இந்த கமாண்டை அடின்னு, அந்த கமாண்டையும் கீழயே எழுதிக் குடுத்துருக்கு. காப்பி பேஸ்ட் பண்ணேன், மூணு வருசமும் திரும்பி வந்துருச்சு, அவ்வளவுதான், அஞ்சு செகண்ட் வேலை.

விசயம் என்னன்னா விண்டோஸ் நம்ம பேரைப் பாக்காது, ஒவ்வொரு யூசருக்கும் உள்ளுக்குள்ள ஒரு நீள நம்பர் வச்சிருக்கும். புதுசா இன்ஸ்டால் பண்ணா, அதே பேரு அதே பாஸ்வேர்டு வச்சாலும் நம்பர் வேற. பழைய டிஸ்க்குல இருக்கிற ஃபைலெல்லாம் பழைய நம்பர்காரனோடது. 2022 ஏப்ரல்ல வந்த கிட் 2.35.2ல இருந்து, ஃபோல்டர் ஓனர் நீ இல்லன்னா கிட் உள்ள போகாது. அதுக்கு நியாயமான காரணம் இருக்கு, பல பேரு யூஸ் பண்ற மெசின்ல ஒருத்தன் மேல் ஃபோல்டர்ல ஒரு டாட் கிட் (கிட் தன் வரலாறையும் செட்டிங்கையும் வைக்கிற ஃபோல்டர்) வச்சுட்டுப் போயிட்டா, நம்ம கீழ எங்கயோ நின்னு சும்மா ஸ்டேட்டஸ் பாத்தாலே அவன் செட்டிங்ல எழுதி வச்ச புரோகிராம் நம்ம பேர்ல ஓடிரும். அதைத் தடுக்கத்தான் இது. கிட் குடுத்த அந்த கமாண்ட், நம்பலாம்கிற ஃபோல்டர் லிஸ்ட்டுல, அதான் சேஃப் டைரக்டரி, நம்ம ஃபோல்டரைச் சேக்கும். நிறைய பேரு அந்த லிஸ்ட்டுல ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு எல்லாத்தையும் அனுமதிச்சிருவாங்க, நான் நாலு ஃபோல்டருக்கும் தனித்தனியா போட்டேன். ஃபோல்டரோட ஓனரையே மாத்திட்டா இன்னும் சுத்தம்.

ஆக கிட் மேல எனக்குக் கோவமே இல்ல. 2005ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்குன்னு எழுதுனது, மூஞ்சில அடிச்ச மாதிரி பேசும், ஆனா என்ன தப்புன்னு சொல்லிரும். அது சொன்னதை நடுவுல இருக்கிற இந்தப் பேனல் முழுங்கிட்டு ஒரு நீலப் பட்டனை நீட்டுது பாருங்க, அதுதான் எரியுது. ஆஸ்பத்திரில டாக்டர் உள்ள தெளிவா சொல்றாரு, வெளிய நிக்கிற நம்மகிட்ட வந்து சொல்ல வேண்டிய ஆளு "ஒண்ணும் இல்ல, புதுசா சீட்டு போடுங்க"ன்னா எப்படி இருக்கும்.

(அந்த நீலப் பட்டனைப் பதட்டத்துல அமுக்கிட்டவங்க பயப்பட வேணாம். ஏற்கனவே கிட் இருக்கிற ஃபோல்டர்ல மறுபடி இனிட் (அந்தப் பட்டன் ஓட்டுற கமாண்ட்) போட்டா பழசு அழியாது. பேனல் காலியா இருக்கேன்னு டாட் கிட் ஃபோல்டரைக் கையால அழிச்சுட்டு புதுசா போடுறாங்க பாருங்க, அதுதான் தற்கொலை.)

இப்ப தம்பி விசயம். டெர்மினல்ல போகுது, பேனல்ல சுத்துது. இதுவும் அதே ஊமை நோய்தான். டெர்மினல்ல புஷ் போடும்போது எஸ்எஸ்ஹெச் (கிட்டுக்காக சர்வரோட பாதுகாப்பா பேசுற புரோகிராம்) உன்கிட்ட கீயோட, அதாவது உன் அடையாள ஃபைலோட, பாஸ்ஃப்ரேஸ் கேக்குது, நீ அடிக்கிற, போயிருது. பேனல் பின்னாடி ஓட்டுறதும் அதே கிட் புஷ்தான், ஆனா அங்க கேள்வி கேக்க இடமே இல்ல, எஸ்எஸ்ஹெச் யாருமில்லாத ரூம்ல நின்னு கேட்டுக்கிட்டே இருக்கு, நீ வெளிய வட்டம் சுத்துறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க.

முதல் வேலை, எடிட்டர்ல அவுட்புட்னு ஒரு டேப் இருக்கும், அதுல லிஸ்ட்டைத் தொறந்து கிட்டை செலக்ட் பண்ணு. பேனல் என்னென்ன கமாண்ட் ஓட்டுச்சு, கிட் என்ன பதில் சொல்லுச்சு, எல்லாம் அங்க இருக்கும். நியாயத்தைச் சொல்லணும்னா எடிட்டர் பண்ணவங்க மறைக்கல, மூணு கிளிக் தள்ளி இருட்டு ரூம்ல போட்டு வச்சிருக்காங்க. ரெண்டாவது, எந்த கிட் ஓடுதுன்னு பாரு. கமாண்ட் பிராம்ப்ட்ல வேர் கிட் (where git)னு அடிச்சா சில மெசின்ல ரெண்டு மூணு பாத் வரும், எடிட்டர் ஒண்ணைப் பிடிச்சிருக்கும் டெர்மினல் இன்னொண்ணைப் பிடிச்சிருக்கும்.

அதை விட பெரிய கூத்து எஸ்எஸ்ஹெச்சும் ரெண்டு. விண்டோஸ் தன் கூட ஒண்ணு வச்சிருக்கு, விண்டோஸுக்கான கிட் தன் கூட ஒண்ணு கொண்டு வருது. நீ விண்டோஸ் ஏஜென்ட்ல (கீயை ஞாபகம் வச்சு, கேக்கும்போது எடுத்துக் குடுக்குற ஆளு) கீயைச் சேத்து வச்சிருப்ப, கிட் தன்னோட எஸ்எஸ்ஹெச்சைக் கூப்பிடும், அதுக்கு அந்த ஏஜென்ட்டைத் தெரியவே தெரியாது. உனக்கும் இதே கதைதான்னு நினைக்கிறேன். சர்வீசஸ்ல போய் ஓப்பன் எஸ்எஸ்ஹெச் ஆதென்டிகேஷன் ஏஜென்ட்டைத் தேடு, டிசேபிள்னு இருக்கும், வர்றதே அப்படித்தான் வரும். ஆட்டோமேட்டிக் ஆக்கி ஸ்டார்ட் பண்ணு. அப்புறம் கீயை ஒரு தடவை ஏஜென்ட்ல சேரு, கடைசியா கிட் கான்ஃபிக்ல கோர் எஸ்எஸ்ஹெச் கமாண்ட்ங்கிறதுக்கு விண்டோஸோட எஸ்எஸ்ஹெச் பாத்தைக் குடுத்துரு. எடிட்டரை மூடித் தொறந்தா பேனலும் போகும். எனக்கு இதைக் கண்டுபிடிக்க 2023ல ஒரு முழு ஞாயித்துக்கிழமை போச்சு, வீட்ல விளமீன் குழம்பு ஆறி அவலாப் போச்சு.

எஸ்எஸ்ஹெச் இல்லாம ஹெச்டிடிபிஎஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, நிறைய பேரு கோடு வைக்கிற சர்வரான கிட்ஹப்ல 2021 ஆகஸ்ட் 13ல இருந்து கிட்டுக்கு அக்கவுண்ட் பாஸ்வேர்டு செல்லாது, டோக்கன்தான். பழைய பாஸ்வேர்டை கிரெடென்ஷியல் மேனேஜர்ல தேடி அழிச்சா தீரும்.

கரண்ட்டு பத்தி சொல்லாம விட்டா நான் இந்தக் கரைக்காரனே இல்ல. ஐப்பசி கார்த்திகைல எத்தனை தடவை போகும்னு கணக்கு கிடையாது, என் பழைய பேட்டரியும் வயர் புடுங்குனா செத்துரும். கமிட் நடுவுல போயிட்டா அடுத்த தடவை இன்டெக்ஸ் லாக் ஃபைல் (ஒரே நேரத்துல ரெண்டு கிட் எழுதாம இருக்கப் போடுற பூட்டு) இருக்குன்னு நிக்கும். வேற கிட் எதுவும் ஓடலைன்னு டாஸ்க் மேனேஜர்ல பாத்துட்டு அந்த லாக் ஃபைலை அழிக்கலாம். இதுல எடிட்டரும் ஒரு குற்றவாளி, ஏன்னா பின்னாடி அது பாட்டுக்கு ஸ்டேட்டஸ் பாத்துக்கிட்டே இருக்கும், நான் டெர்மினல்ல பெரிய ரீபேஸ் (கமிட்டுகளை வேற இடத்துல மறுபடி அடுக்குறது) போடுற அதே நொடில அதுவும் லாக்கைப் பிடிச்சுக்கும். ஆட்டோ ஃபெட்சை நான் ஆஃப் பண்ணிட்டேன். மழை நாள்ல டவர் ஒரு கோடு காட்டும், அந்த ஒரு கோட்டுல ஃபோன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு நம்ம மீட்டிங்ல உக்காந்திருக்கும்போது இவரு மூணு நிமிசத்துக்கு ஒருக்கா சர்வரை எட்டிப் பாத்துட்டு வருவாரு.



இவ்வளவு திட்டிட்டு ஏன் விடலைன்னு கேப்பீங்க. ரெண்டு காரணம்.

ஒண்ணு தமிழ். நண்டு கம்பெனி புரோகிராம்ல சில ஃபைலுக்குத் தமிழ்லயே பேரு வச்சிருக்கேன், கணக்குப் பாக்குற அக்கா தொறந்து ரேட் மாத்துவாங்க, அவங்களுக்குப் புரியணும். "நண்டு"ன்னு ஒரு ஃபைலை டெர்மினல்ல கிட் எப்படிக் காட்டும் தெரியுமா, \340\256\250\340\256\243\340\257\215 இப்படியே நீளும். தமிழ்ல ஒவ்வொரு குறியீடும் மூணு பைட், நண்டுங்கிறது புள்ளியும் உகரக் கொக்கியும் தனித்தனியா சேத்து அஞ்சு குறியீடு, ஆக 15 நம்பர் வரிசையா நிக்கும். கிட் செட்டிங்ல core.quotePathங்கிறதை ஃபால்ஸ் ஆக்குனா சரியாயிரும், ஆனா அது தெரியாம முதல் நாள் ஃபைல் கெட்டுப் போச்சுன்னே நினைச்சேன். இந்த ஊமைப் பேனல் மட்டும் முதல் நாள்ல இருந்து நண்டை நண்டுன்னே காட்டுச்சு. பேசாத ஆளு தமிழை ஒழுங்கா எழுதுது, என்ன சொல்ல.

ரெண்டாவது, வரி வரியா ஸ்டேஜ் பண்றது, அதாவது எந்த மாத்தம் அடுத்த கமிட்டுல போகணும்னு பொறுக்கி எடுக்குறது. இதை நான் எதிர்பாக்கவே இல்ல. வெள்ளன நாலு மணிக்குப் படகு வரும், அந்த நேரத்துல பில் தப்பா வருதுன்னு கூப்புடுவாங்க, கம்பெனிலயே எடை மெசின் பக்கத்துல நின்னு லேப்டாப்பைத் தொறந்து கண்டபடி பிரிண்ட் போட்டுத் தேடுவேன். தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுதான் கரைல நிக்கும், நாட்டுப்படகு போய்க்கிட்டேதான் இருக்கும், நண்டு வந்துக்கிட்டேதான் இருக்கும், எனக்கு லீவு கிடையாது. கடைசில பாத்தா நாப்பது வரி மாறிருக்கும், உண்மையான திருத்தம் மூணு வரி. உடைஞ்ச நண்டுக்குக் கழிவு ரெண்டு தடவை போயிருக்கும், அவ்வளவுதான். அந்த மூணு வரியை மட்டும் மவுஸால இழுத்து, ஸ்டேஜ் பண்ணி, கமிட் போட்டு, மிச்சத்தைத் தூக்கி எறிஞ்சிரலாம். டெர்மினல்லயும் கிட் ஆட்ல துண்டு துண்டா கேக்குற வழி இருக்கு, ஆனா ஒரு துண்டுக்குள்ள பாதி வரி மட்டும் வேணும்னா பிளஸ் மைனஸை நம்மளே கையால திருத்தணும், தூக்கக் கலக்கத்துல ஒரு கையில டீயை வச்சுக்கிட்டு அதெல்லாம் ஆகாது. இந்த ஒண்ணுக்காகவே மூணு வருசம் ஓடிருச்சு.

தம்பி, உனக்குப் பதில்: இந்தப் பேனலை நம்பி இருக்காத. 5க்கு 2 மார்க். விடிகாலைல அந்த மூணு வரி கமிட் போட்டதும் கேட்டிருந்தா நாலரை குடுத்திருப்பேன், இன்னைக்கு ரெண்டுதான், அந்த நீலப் பட்டன் கண்ணுக்குள்ளயே நிக்குது. நான் மாறுவேனான்னு கேக்காத, மாறல. ஸ்டேஜும் கமிட்டும் பேனல்ல, புஷ்ஷும் புல்லும் டெர்மினல்ல, இப்படித்தான் குடும்பம் ஓடுது.

மேல சொன்னதையெல்லாம் சுருக்கி அவனுக்கு அனுப்பி, அவுட்புட் டேப்ல என்ன வந்திருக்குன்னு ஸ்கிரீன்ஷாட் போடுடான்னேன். பத்து நிமிசத்துல அனுப்பிட்டான். பேனலோட ஸ்கிரீன்ஷாட். ஒரு வட்டம், பாதில நிக்குது.