சித்திரை நாற்றங்காலுக்கு வைக்கோலா, பாலிதீனா, பச்சை வலையா?

சித்திரையில் சேலம் மாவட்டத்து வாழப்பாடிப் பக்கம் தக்காளி விதை முளைக்காவிட்டால் பழி விதைக் கடைக்குப் போகிறது. மண்ணின் சூட்டை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. தக்காளி 25 முதல் 30 டிகிரி மண்ணில் நன்றாக முளைக்கும். 35-ஐத் தாண்டினால் முளைப்பு மளமளவென்று குறையும். காற்றே 39 டிகிரி இருக்கும் மதியத்தில் காய்ந்த வெற்று மண்ணின் மேற்பரப்பு 50-ஐத் தாண்டிவிடும். விதை கிடப்பது அந்த மேல் அரை அங்குலத்தில்தான்.

விதைத்த பாத்தியைச் சூட்டிலிருந்து காக்க மூடுவதற்குக் கருப்பு பாலிதீன் ஷீட்டை நான் ஒப்பவே மாட்டேன். வெயிலை வாங்கி மண்ணுக்குள் இறக்கிவிடும். கண்ணாடி போன்ற ஷீட் இன்னும் மோசம். இஸ்ரேலில் காட்டான் (Katan) என்ற ஆய்வாளரின் குழு 1976-இல் வெளியிட்ட முறையே அதுதான்: ஈர மண்ணை அந்த ஷீட்டால் மூடி, வெயில் சூட்டிலேயே நோய்க் கிருமிகளையும் களை விதைகளையும் அழிப்பது. விதைப்புக்கு முன் சும்மா கிடக்கும் பாத்தியில் நாலைந்து வாரம் போட்டு வையுங்கள், அருமையான வேலை செய்யும். விதை போட்ட பிறகு வேண்டாம்.

வைக்கோல் மூடாக்குக்குத்தான் என் ஓட்டு. வெயில் மண்ணில் நேராக விழாது, ஈரமும் நிற்கும். ஈரம் இருக்கும்வரை மண் அவ்வளவாகச் சுடாது. கரும்புச் சோகையும் ஆகும், ஆனால் சின்ன விதைக்கு முரடு. ஒரே எச்சரிக்கை: முளை தலைகாட்டிய அன்று மாலையே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நாற்று வெளுத்து, நெட்டையாகிச் சாய்ந்துவிடும். கரையான் உள்ள செம்மண்ணில் தினமும் கிளறிப் பாருங்கள்.

எடுத்த பிறகு? அங்கேதான் பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை வலைக்கு, அதாவது 50 சதவீத நிழல்வலைக்கு, வேலை. அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் சகுவாரோ கள்ளியின் குஞ்சுச் செடிகள் பெரும்பாலும் பாலோ வெர்டே மர நிழலில்தான் பிழைக்கின்றன. வெட்டவெளியில் முளைத்தவை பெரும்பாலும் கருகிவிடும். முளைப்பதற்கு மட்டுமல்ல, முளைத்தபின் பிழைப்பதற்கும் நிழல் வேண்டும். ஆனால் வலை மட்டும் கட்டினால் காற்றில் பாத்தி காய்ந்துபோகும், காலை மாலை தண்ணீர் தெளித்தே ஆக வேண்டும். செலவும் கூடுதல்.

கம்புக்கு இதெல்லாம் தேவையில்லை. 33 டிகிரி மண் அதற்குச் சுகம். தார்ப் பாலைவனத்திலும் பருவமழை மண்ணை நனைத்ததும் விதைத்துவிடுகிறார்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி மண் குளிர்ந்து கிடக்கும். அங்கே வைக்கோல் முளைப்பைத் தாமதப்படுத்தும், கருப்பு ஷீட்தான் கைகொடுக்கும். சமவெளியில் கையில் காசு குறைவென்றால் வைக்கோலை வாங்குங்கள், வலைக்குப் பதில் நாலு கழி நட்டுத் தென்னங்கீற்றை இடைவெளி விட்டுப் பரப்புங்கள்.